சோழவரத்தில் ஓடியதும் பழைய வண்டிகள்தான்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படியுங்கள். வகுப்பில் தூங்கியவர்கள் இங்கேயும் நடுவில் தூங்கிக்கொள்ளலாம், எழுப்ப மாட்டேன்.

இரண்டு மாதத்துக்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஒருவர் வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்பவர். இந்த இருவரும் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர்கள். மூன்றாவது ஆள் ஓசூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன். "மாமா, பெங்களூர்ல ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் டூரிங் பைக் நல்ல விலைக்கு வருது, வாங்கலாமா?" என்று கேட்டான். மற்ற இருவரும் மாமாவுக்குப் பதில் சார் போட்டுக் கேட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாங்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்கியபின் எப்படி ஓட்டுவது என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் நல்லது.

முதலில் பெயர்ப் பொருத்தம். ஸ்போர்ட்ஸ் டூரிங் வண்டி என்றால் பந்தய வண்டியின் குணமும் நெடும்பயண வண்டியின் குணமும் கலந்தது. இஞ்சினிலும் பிரேக்கிலும் பந்தயச் சாயல் இருக்கும். முதுகு ஒடியாமல் நாள் முழுக்க உட்கார்ந்து போக முடியும். காற்றைத் தடுக்க முன்னால் ஒரு மூடி இருக்கும். 1976-இல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி ஆர் 100 ஆர்.எஸ். என்ற வண்டியைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து முழு மூடியோடு விற்பனைக்கு விட்டது. இந்த வகைக்கு அதை ஒரு முன்னோடி என்று சொல்வார்கள். நம் ஊர்ப் பையன்களுக்கு இந்த ஆசையைக் காட்டியது 2003-இல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மா. 223 சி.சி., முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பாதி மூடி. அதை வைத்துக்கொண்டு லடாக் வரை போய்வந்தவர்கள் உண்டு. இன்று பழைய வண்டிச் சந்தையில் தேடப்படுவது அதுவும் அதன் பின்னால் வந்த தம்பிகளும்தான்.

இந்த வண்டிகளின் தாய்வீடு பந்தயம். பந்தயத்தின் வரலாற்றில் முதல் பாடம், வேகத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்பது.

1903-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டனில் பொதுச் சாலையில் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக் கூடாது. பந்தயத்துக்காகச் சாலையை அடைக்கவும் முடியாது. எனவே தனிச் சட்டமன்றம் உள்ள மான் தீவுக்குப் போனார்கள். 1907-இல் அங்கே முதல் டி.டி. மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. அதே ஆண்டில் லண்டனுக்கு அருகில் புரூக்லாண்ட்ஸ் என்ற பந்தயத் தடத்தைக் கட்டினார்கள். அந்த முதல் டி.டி.யில் இரட்டை சிலிண்டர் பிரிவில் வென்றது நார்ட்டன் வண்டி. அந்த நார்ட்டன் கம்பெனியை 2020-இல் வாங்கியது யார் தெரியுமா? நம் பக்கத்து ஊரான ஓசூரில் வண்டி செய்யும் டி.வி.எஸ்.

நமக்குக் கிடைத்த இடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, கல்கத்தா சாலையில் உள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, தளம் மட்டும் வெயிலில் கிடந்தது. 1950-களில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைச் சேர்ந்தவர்கள் அதைப் பந்தயத் தடமாக்கினார்கள். ஆங்கில எழுத்து 'டி' போன்ற வடிவம். நேராகப் போய், வளைந்து திரும்பி வர வேண்டும். வருஷா வருஷம் பிப்ரவரி வந்தால் பெங்களூர், பம்பாய், கல்கத்தா என்று எல்லாப் பக்கமிருந்தும் வண்டியும் ஆளும் வந்து சேரும்.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த நாட்களில் நண்பர்களோடு நானும் போனேன். கூட்டம் என்றால் திருவிழாக் கூட்டம். ரயிலில் வந்தவர், லாரியில் தொற்றி வந்தவர், சோறு கட்டிக்கொண்டு வந்தவர் எல்லாம் உண்டு. காதில் சத்தம், மூக்கில் எரிந்த ஆயில் வாசனை, வாயில் புழுதி. என்னை அதிகம் இழுத்தது பந்தயத்தைவிட பந்தயத்துக்கு முந்திய நேரம்தான். ஆளாளுக்கு ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் வண்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டப் போகிறவரின் கையிலேயே ஸ்பானர் இருந்தது.

ஏன் அப்படி? காரணம் பொருளாதாரம். சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. உள்நாட்டில் யார் எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கும் லைசென்ஸ். அறுபதுகளுக்குப் பிறகு புதிய வெளிநாட்டு வண்டி வாங்குவது சாதாரண மனிதனால் ஆகாத காரியம். எனவே சோழவரத்தில் ஓடியவற்றில் பல, கட்டுப்பாட்டுக்கு முன்பே நாட்டுக்குள் வந்து கைமாறிக் கைமாறி வந்த ட்ரையம்ப், பி.எஸ்.ஏ., நார்ட்டன் போன்ற பிரிட்டிஷ் வண்டிகள். கூடவே நம் நாட்டு வண்டிகள். 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் செய்த புல்லட், மைசூரில் ஐடியல் ஜாவா செய்த ஜாவா, பிறகு எஸ்டி. ஒரு பிஸ்டன் ரிங் உடைந்தால் கடையில் கிடைக்காது. பட்டறையில் லேத்தில் கடைந்துதான் போட வேண்டும். வண்டியின் ஒவ்வொரு போல்ட்டையும் அறியாதவன் பந்தயத்தில் நிற்கவே முடியாது.

பசங்களே, இதைக் கவனியுங்கள். நம் நாட்டுப் பந்தயம் பழைய வண்டியில் வளர்ந்த பந்தயம். வேகம் என்பது அங்கே காசு கொடுத்து வாங்கிய பொருள் அல்ல. ஒரு பழைய இயந்திரத்தைப் புரிந்துகொண்டவனுக்கு அது கொடுத்த கூலி.

1983-இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவின் ஆர்.டி. 350-ஐ ராஜ்தூத் 350 என்ற பெயரில் கொண்டுவந்தது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். அன்றைக்கு இந்தியச் சாலைக்கு அது ராட்சசன். ஆனால் ஜப்பானிய வண்டியில் முன்னால் இருந்த டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு இங்கே டிரம் பிரேக் வைத்தார்கள். ஓட்டம் ராட்சச ஓட்டம், நிறுத்தம் சாதாரண நிறுத்தம். பெட்ரோலையும் தண்ணீராய்க் குடித்தது. ஏழெட்டு வருஷத்தில் தயாரிப்பு நின்றது. மைலேஜ் கட்டவில்லை என்று வீட்டுக்காரர்கள் விற்ற வண்டி பந்தயக்காரர் கைக்குப் போய்ச் சோழவரத்தில் சீறியது. இன்று அதே வண்டிக்குப் பெரும் விலை சொல்கிறார்கள்.

அடுத்து 1984 முதல் 1986 வரை ஒரு வெள்ளம். ஓசூரிலிருந்து இந்த்-சுஸுகி, பிறகு யமஹா ஆர்.எக்ஸ். 100, ஹீரோ ஹோண்டா சி.டி. 100, கவாசாகி பஜாஜ். எல்லாம் 100 சி.சி. ஜப்பான் கூட்டு. நம் ராணிப்பேட்டைக்கும் இதில் பங்கு உண்டு. ஜெர்மனியின் சுண்டாப் கம்பெனி வடிவமைப்பில் சிறிய டூ ஸ்ட்ரோக் வண்டிகளை என்ஃபீல்டு அங்கேதான் செய்தது. அதன் ஃபியூரி 175 முன்சக்கர டிஸ்க் பிரேக்கோடு வந்தது. ராட்சச ஆர்.டி.க்கு இல்லாத பிரேக் ராணிப்பேட்டைக் குட்டி வண்டிக்கு இருந்தது!

கம்பெனிகள் வந்ததும் பந்தயமும் மாறியது. டி.வி.எஸ். தன் பந்தய அணியை 1982-லேயே தொடங்கியிருந்தது. மெட்ராஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ஒரு தடம் கட்டி 1990-இல் திறந்தது. சுற்றுக்கு 3.7 கிலோமீட்டர். சோழவரத்தின் காலம் முடிந்தது. சோழவரத்தில் கார் ஓட்டிப் பேர் வாங்கிய கோவை கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் இன்னொரு தடம் இருக்கிறது. சென்னைப் பையன் சரத்குமார் 2011-இல் 125 சி.சி. உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓடினார். அந்த அரங்கில் ஓடிய முதல் இந்தியர் அவர்தான். சாக்கு விரித்து ரிங் மாற்றியவர்கள் போட்ட பாதையில் வந்தவர் என்றே நான் அவரை நினைக்கிறேன்.

சரி, பழைய வண்டிக்கு வருவோம். எந்தப் பந்தயத்திலும் வண்டி தடத்தில் இறங்கும் முன் ஓர் அதிகாரி அதைச் சோதிப்பார். பிரேக் பிடிக்கிறதா, நட்டு தளர்ந்திருக்கிறதா, ஆயில் ஒழுகுகிறதா, டயர் தாங்குமா என்று பார்ப்பார். அவருக்கு ஓட்டுபவரின் புகழ் முக்கியமல்ல. தேறாத வண்டி ஓடாது. பழைய வண்டி வாங்கப் போகும்போது நீங்கள் அந்த அதிகாரியாக மாற வேண்டும்.

1987-இல் எனக்கு ஜவ்வாது மலைப் பக்கம் பள்ளி. போக்குவரத்துக்கு ஒரு பழைய எஸ்டி வாங்கினேன். கிக்கரும் கியரும் ஒரே கம்பிதான் என்ற விசித்திர வண்டி. என்னோடு பார்க்க வந்தவர் வாணியம்பாடியில் மெக்கானிக் கடை வைத்திருந்த ஒரு பாய். வண்டிக்காரர் புகழ்ந்துகொண்டே இருந்தார். பாய் பதில் பேசாமல் இஞ்சினில் கையை வைத்துப் பார்த்தார். "சூடா இருக்கு வாத்தியாரே. நம்ம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க. ஆறட்டும், டீ சாப்பிட்டு வரலாம்" என்றார். ஆறிய வண்டி எத்தனை உதையில் எழுந்தது என்று எண்ணிய பிறகுதான் விலை பேச விட்டார். அந்த வண்டி பதினோரு வருஷம் என்னை மலையேற்றியது.

பாய் சொல்லிக் கொடுத்ததையும் பிறகு நான் கற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

குளிர்ந்த இஞ்சினில்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி சூடான பிறகும் நீலப் புகை விட்டால் ஆயில் எரிகிறது என்று பொருள். ஆயில் மூடிக்குள் பால் கலந்த மாதிரித் தெரிந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ரேடியேட்டர் உள்ள வண்டியில் அப்படி இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

விழுந்த வண்டியைப் பெயின்ட் மறைக்கும், ஓரங்கள் காட்டிக்கொடுக்கும். பிரேக் லீவர் நுனி, ஹேண்டில் பார் நுனி, கால் வைக்கும் கம்பி, சைலன்சர் பக்கவாட்டு எல்லாம் பாருங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, அது சேசிஸில் முட்டுகிற இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே நசுங்கலோ புது வெல்டிங்கோ இருந்தால் வண்டி முன்பக்கம் பலமாக மோதியிருக்கிறது. நேர்சாலையில் மெதுவாக ஓட்டினால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

டயரில் பட்டன் இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. பார்வைக்குப் புதிதாய் இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிட்டால் மழையில் பிடிக்காது. முன் ஃபோர்க்கில் ஆயில் கசிவு, பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் மேடு, செயின் ஸ்பிராக்கெட்டின் பல் கூர்மை ஆகிய மூன்றையும் பார்த்து, மாற்ற வேண்டியவற்றின் செலவை விலையில் கழியுங்கள். அந்த மாடலுக்கு ஸ்பேர் கிடைக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள்.

காகிதமும் இயந்திரத்தின் ஒரு பாகம்தான். சேசிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். கடன் பாக்கி இருந்தால் படிவம் 35-ம் வங்கிக் கடிதமும் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கர்நாடக வண்டி என்றால் அந்த ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே வாழ்நாள் வரி கட்டி நம் எண்ணுக்கு மாற்ற வேண்டும். பெங்களூர் விலை மலிவு என்று சொல்பவர்கள் இந்த வரியைக் கூட்டிப் பார்ப்பதில்லை. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பதினைந்து வருஷம் ஆகப் போகும் வண்டி என்றால் ஆர்.சி. புதுப்பிக்கும் செலவும் உண்டு.

வண்டியைச் சோதித்த அதிகாரி அடுத்ததாக ஓட்டுபவரைச் சோதிப்பார். புரூக்லாண்ட்ஸ் தடத்தில் டாக்டராக இருந்த எரிக் கார்ட்னர், தலையில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து ஒரு தலைக்கவசம் செய்தார். 1914 டி.டி. பந்தயத்தில் அது கட்டாயம். 1935-இல் 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சை செய்த டாக்டர்களில் ஒருவரான ஹியூ கெய்ன்ஸ் அதன்பின் ராணுவ வண்டியோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட் உயிர் காக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஆக, உங்கள் ஹெல்மெட் போலீசுக்குப் பயந்து பிறந்ததல்ல, பந்தயத் தடத்தில் பிறந்தது. ஐ.எஸ். 4151 முத்திரை உள்ளதை வாங்குங்கள். வண்டியைப் பழையது வாங்கலாம், ஹெல்மெட்டைப் பழையது வாங்கக் கூடாது. ஒருமுறை அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே செத்துப்போயிருக்கும்.

இன்னொன்று தோல். பந்தயக்காரர்கள் தோலாடை அணிவது அழகுக்கு இல்லை. விழுந்து தாரில் தேயும்போது, நம் தோலுக்குப் பதிலாக மாட்டின் தோல் தேயட்டும் என்பதற்காக. நம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஷூவாகவும் ஜாக்கெட்டாகவும் கையுறையாகவும் உலகமெல்லாம் போகிறது. அதைப் பதனிட்டு, வெட்டி, தைத்துக் கொடுக்கிற ஊர்ப்பிள்ளை ரப்பர் செருப்போடு 223 சி.சி. வண்டியில் போகிறான். ஆம்பூர்க்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்தான்.

வருத்தம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு என் மாணவர் ஒருவரின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். மகனுக்கு இருபது வயது. பழைய ஸ்போர்ட்ஸ் வண்டி, மலைச்சாலை, இன்னொரு வண்டியோடு போட்டி. வாசலில் வண்டியைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். சாக்கின் கீழே தெரிந்த முன் டயரில் பட்டனே இல்லை. என் கண் அதில்தான் நின்றது. அப்பாவிடம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. இந்தப் பதிவை அன்றைக்கே எழுதியிருக்கலாம், கை ஓடவில்லை.

ஏலகிரி ஏறும்போது பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் காரியும் ஓரியும் குதிரை வீரர்கள். காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர், ஓரியின் குதிரைக்கு ஓரி. ஆளும் குதிரையும் ஒரே பெயரில் வழங்கும் அளவுக்கு நெருக்கம். குதிரையின் மூச்சையும் குளம்பையும் அறிந்தவனுக்கே அந்தப் பெயர் பொருந்தும். முன் டயரின் வயது தெரியாமல் வளைவில் சாய்க்கிறவனுக்கு அது பொருந்தாது.

வளைவுக்கு அந்தப் பக்கம் சுள்ளி சுமந்து வரும் பாட்டி இருப்பார், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் இருப்பார்கள், பால்காரர் இருப்பார். சோழவரத்தில் அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் கொடி அசைத்தார்கள். வேகம் பார்க்க ஆசை என்றால் இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் தனி ஆட்களுக்கும் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. பணம் கட்டிப் போய் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். பந்தய நாளில் பார்வையாளராகவும் போகலாம். காவலூர் சாலையிலும் மலையிலும் டூரிங் வண்டியை டூரிங் வண்டியாக ஓட்டுங்கள். கரிஸ்மா நிதானமாகப் போனாலும் நாள் முழுக்கப் போகும், அதன் பெருமையே அதுதான்.

மூன்று பேருக்கும் பதில் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். வண்டி பார்க்கப் போகும் நாளை முதல் நாளே சொல்லுங்கள். நானும் வருகிறேன், டார்ச் லைட் என்னிடம் இருக்கிறது. விற்பவரிடம் மட்டும் நாம் வரும் நேரத்தைச் சொல்லிவிடாதீர்கள், இஞ்சின் ஆறியே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
ஆலங்காயம்